சிவப்பு உடம்பை வெட்டிய படம்

காலை ரயில் கோரமண்டல் ஸ்டேஷனில் நிற்பது ஒரே ஒரு நிமிஷம். ஏறிவிடலாம், உட்காருவதுதான் லேசுப்பட்ட காரியம் இல்லை. மாரிக்குப்பத்திலேயே ஏறிவிடும் சுனிதா, ஜன்னலோரத்தில் தன் துப்பட்டாவை விரித்துப் போட்டு ஜெனிட்டாவுக்கு ஓர் இடம் பிடித்து வைப்பாள். "யாரும்மா இது, சீட்டு மேல துணி?" என்று எவர் கேட்டாலும் அவளுக்கு ஒரே பதில்தான்: "ஆள் இருக்குது." அந்த ரெண்டு வார்த்தைக்காக அவள் வாராவாரம் யாரிடமாவது சண்டை போட்டிருக்கிறாள்.

அந்த வியாழக்கிழமை ஜெனிட்டா உட்கார்ந்ததும் இட்லி டப்பாவைத் திறக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள்.

"இன்னா ஜெனி, துன்னாம கொள்ளாம? மூஞ்சியே சரியில்லயே."

"ஒரு பேரு மாத்தணும் அக்கா. பங்காருபேட்டை வரதுக்குள்ள அனுப்பணும்."

விலங்கியல் படித்த ஜெனிட்டாவுக்கு இருபத்தொன்பது வயது. ஆலை கட்ட நினைக்கிறவர்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்துத் தரும் பெங்களூர் கம்பெனி ஒன்றில் மூன்று வருஷமாகக் காண்ட்ராக்ட் வேலை. செடி, பறவை, பூச்சி எல்லாம் அவள் பொறுப்பு. இந்த மாதம் வேலையை நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு அடிபட்டது. ஆக்கினால் அம்மா பிலோமினாவின் மூச்சிரைப்புக்கு நல்ல ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸிலேயே வைத்தியம் பார்க்கலாம். அந்த எண்ணத்திலேயே அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை வேலை அவள் வீட்டுக்குப் பின்னாலேயே வந்து வாய்த்தது. ஊரின் பாலகாடு பகுதியில், தங்கச் சுரங்கக் காலத்து லைன் வீடுகளுக்கும், தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டுக்கும் நடுவே ஒரு பொட்டல் நிலம் கிடக்கிறது. பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை அங்கே வரப்போகிறது. 'ஊர்ப்பெண், இடம் தெரியும்' என்று ஜெனிட்டாவையே அனுப்பினார்கள். ஈயப் புகை வீட்டுப் பக்கம் வராதா என்று அவளும் யோசிக்காமல் இல்லை. வீடுகளைப் பற்றி எழுதுவது வேறு ஆளின் பாடு, நம் பாடு பூச்சி மட்டும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பொட்டலில் அவள் கண்டது கிரிம்சன் ரோஸ் என்ற பட்டாம்பூச்சி. கறுப்பு இறக்கை, அதில் வெள்ளைப் பட்டை, பின் இறக்கையில் சிவப்புப் புள்ளிகள், வால். உடம்போ குங்குமத்தில் தோய்த்தெடுத்த சிவப்பு. அங்கே தரையில் படர்ந்திருந்த ஆடுதின்னாப்பாளைக் கொடியில் அதன் முட்டையும் புழுவும் நிறைய இருந்தன. ஆடுகூட வாய் வைக்காத அந்தக் கொடியைத் தின்று வளர்வதால் பூச்சியின் உடம்பிலும் விஷம் ஏறிவிடும். ஒரு தடவை கொத்திப் பார்த்த பறவை மறுபடி கிட்டே வராது.

அந்த மரியாதையை ஓசியில் அனுபவிக்க இன்னொருத்தி உண்டு. நம் வீட்டுக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் காமன் மார்மன். அதன் பெண்களில் ஒரு வகை அச்சு அசலாகக் கிரிம்சன் ரோஸ் போலவே இறக்கை கட்டிக்கொண்டு பறக்கும். இரண்டுக்கும் குடும்பம் ஒன்று, பேரினம் வேறு. வால் முளைத்த அந்தக் குடும்பத்தில் இந்த இரண்டு பேரையும் பிரித்துச் சொல்லப் படித்தவர்களே தடுமாறுவார்கள். உடம்பைப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் அசல், கறுப்பு என்றால் வேஷம்.

மேனேஜர் ரூபேஷ் காலையிலேயே போன் செய்திருந்தான். "ஜெனிட்டா, உங்க சாப்டர்ல ஒரு சின்ன கரெக்‌ஷன். கிரிம்சன் ரோஸ், முட்டை, புழு, இனப்பெருக்க இடம்னெல்லாம் போட்டா அனுமதி தர்றவங்க இன்னொரு சீசன் சர்வே பண்ணச் சொல்வாங்க. காமன் மார்மன்னு போடுங்க. பார்க்க ஒரே மாதிரிதானே? யாருக்குத் தெரியும்?"

"சார், உடம்பு சிவப்பா இருக்குது."

"ஆய்து பிடி, அத விடுங்க, உடம்பு தெரியாத போட்டோ வைங்க. உங்க பர்மனென்ட் லெட்டர் டைப் பண்ணி என் டேபிள் மேலேயே இருக்குது."

ரயில் ஓட ஓட, ஜெனிட்டா தான் எடுத்த படத்தில் உடம்பு இருந்த பக்கத்தை வெட்டினாள். இறக்கை மட்டும் மிஞ்சியது. முட்டைப் படத்தையும் புழுப் படத்தையும் அழித்தாள். ஆடுதின்னாப்பாளையை எடுத்துவிட்டு, 'அருகில் உள்ள வீடுகளின் எலுமிச்சைச் செடிகளில் வளர்வது' என்று எழுதினாள். அத்தனை சுத்தமான வேலை. இரண்டையும் தெரிந்த ஒருத்தியால்தான் இப்படிக் கை நடுங்காமல் தப்பு செய்ய முடியும்.  பங்காருபேட்டையில் கூட்டம் முண்டியடித்து ஏறியபோது அனுப்பும் பட்டனை அழுத்தினாள். ரூபேஷிடமிருந்து உடனே ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

"மாத்திட்டியா? இப்பவாச்சும் துன்னு" என்றாள் சுனிதா.

ஜெனிட்டா டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவளுக்குப் போன் அடித்தாலே திக்கென்றது. சனிக்கிழமை மதியம் முழு அறிக்கையும் வந்து சேர்ந்தது. 'கள ஆய்வு செய்து உறுதி அளிப்பவர்' என்ற இடத்தில் அவள் பெயர். மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அம்மா அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டே இருமிக்கொண்டிருந்தாள். ஜெனிட்டா தன் பகுதியைச் சரிபார்த்தாள். ஒட்டு வேலை எங்கும் தெரியவில்லை. அப்பாடா என்று அடுத்த பக்கத்துக்குப் போனவளின் விரல் அங்கேயே நின்றது.

அந்தப் பக்கத்தில் மேலிருந்து எடுத்த படம் ஒன்று. பொட்டலைச் சுற்றிச் சிவப்புக் கோடு, அதை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். பெரிதாக்கிப் பார்த்தாள். மாதா சிலை வைத்த கெபி தெரிந்தது. குழாயடி தெரிந்தது. தன் வீட்டுக் கூரைமேல் போட்ட நீல ஷீட்டும் தெரிந்தது. கீழே ஒரு வரி: 'ஆள் இல்லாத பழைய சுரங்கக் கட்டடங்கள். அரைக் கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பு இல்லை.'

 அந்தச் சாம்பல் கட்டங்களுக்குள் எண்பத்தாறு வீடுகள். அதில் ஒன்றின் அடுப்படியில் இப்போது மீன் பொரிகிற வாசனை. ரூபேஷைக் கூப்பிட்டாள்.

"சார், இது எங்க லைன். எங்கம்மா இங்கதான் இருக்காங்க. நான் இங்க இருந்துதான் பேசறேன்."

"அது ஜஸ்ட் ஒரு கேட்டகரி ஜெனிட்டா. டீம்ல யாரோ அப்படி கிளாஸிஃபை பண்ணியிருக்காங்க."

"தப்பு சார் இது."

மறுமுனையில் ரூபேஷ் சிரித்தான். "பட்டர்ஃப்ளைய மாத்தறப்ப தப்புன்னு தோணலையா? அதுவும் கிளாஸிஃபிகேஷன்தானே? இப்போ கேள்வி கேட்டா, முதல்ல நீங்க பண்ணினதுதான் வெளியே வரும். யோசிங்க. அஞ்சு மணி."

ஜெனிட்டா போனை வைத்தாள். மணி மூன்று. அம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பேசியது எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"போட்டு அனுப்பிடு ஜெனி. நம்ம சொன்னா யாரு கேக்கப் போறாங்க? உன் வேலை போச்சுன்னா இன்னா பண்றது? எவனாச்சும் ஆபீசருங்க வந்து பாப்பாங்க. நாங்கதான் இங்க உயிரோட கீறோமே, கண்ணுக்குத் தெரியாதா?"

"இல்லன்னு எழுதிட்டா யாருமே வந்து பாக்க மாட்டாங்கம்மா." தன் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையில் ஜெனிட்டாவே திடுக்கிட்டுப் போனாள்.

திறந்த கதவுக்கு வெளியே, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வால்டர் அங்கிள் விந்தி விந்திப் போய்க்கொண்டிருந்தார். அவர் கதை இந்த லைனில் எல்லாருக்கும் மனப்பாடம். சுரங்கம் ஓடிய காலத்தில், கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்குகிறவன் தன் டோக்கனை மேலே பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். டோக்கன் பலகையில் இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். ஜெனிட்டாவின் அப்பா சகாயத்துக்கு அந்தப் பலகையைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஒரு நாள் ஷிப்ட் முடிந்தும் ஒரே ஒரு டோக்கன் தொங்கியது. "வால்டர் மேல வந்துட்டு எடுக்க மறந்திருப்பான், கணக்கை முடி" என்றார்கள் எல்லாரும். சகாயம் முடிக்கவில்லை. திட்டினார்கள், அப்போதும் முடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் இறங்கித் தேடியபோது, கீழே ஒரு லெவலில் கால் நசுங்கி மயங்கிக் கிடந்தார் வால்டர்.

அப்பா அந்த டோக்கனை எடுத்திருந்தால் தேடவே போயிருக்க மாட்டார்கள். அவர் மகளோ வியாழக்கிழமை ஒரு டோக்கனை எடுத்துவிட்டாள். இப்போது எண்பத்தாறையும் எடுக்கச் சொல்கிறார்கள். ஜெனிட்டாவுக்குத் தன்மேலேயே அசிங்கமாக இருந்தது.

கேமராவை எடுத்துக்கொண்டு பொட்டலுக்கு ஓடினாள். வெயிலில் கொடிகளுக்கு மேலே அவை பறந்துகொண்டுதான் இருந்தன. ஒன்று இலையில் உட்காரும்வரை முழங்காலிட்டுக் காத்திருந்தாள். சிவப்பு உடம்பு முழுசாகத் தெரியும்படி எடுத்தாள். முட்டை, புழு, கொடி எல்லாவற்றையும் எடுத்தாள். அப்புறம் லைனுக்குத் திரும்பி வீடு வீடாக வாசலில் ஆளை நிறுத்திப் படம் எடுத்தாள். "இன்னாத்துக்கும்மா போட்டோ?" என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒளிக்காமல் விஷயத்தைச் சொன்னாள். வால்டர் அங்கிள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்றார்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எழுதி முடித்தாள். 'வியாழக்கிழமை நான் அனுப்பிய பகுதி பொய். தெரிந்தேதான் பேரை மாற்றினேன். அங்கே இருப்பது கிரிம்சன் ரோஸ், காமன் மார்மன் அல்ல. ஆள் இல்லை என்று காட்டியுள்ள கட்டடங்களில் எண்பத்தாறு குடும்பங்கள் வசிக்கின்றன. அதில் ஒன்று என்னுடையது. இந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.' கம்பெனிக்கும், அனுமதி தரும் அலுவலகத்துக்கும், எல்லாப் படங்களோடும் சேர்த்து அனுப்பினாள்.   பிலோமினா தட்டில் மீனை வைத்துவிட்டுப் போனாள்.

ஆறு மணிக்கு ரூபேஷிடமிருந்து இரண்டு வரி வந்தது. இனி வேலைக்கு வர வேண்டாம். லேப்டாப்பை ஒப்படைக்கவும்.

செவ்வாய்க்கிழமை காலை. கோரமண்டலில் ரயில் நின்றது. லேப்டாப்பை ஒப்படைக்கப் போகிற ஜெனிட்டா ஏறியபோது சுனிதா வழக்கம்போல யாரோ ஒரு அம்மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "ஆள் இருக்குதும்மா, சொன்னா புரியாதா?"

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள் ஜெனிட்டா. சுனிதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒரு பூச்சி பேருக்குப் போயி வேலையை உட்டுட்டியேடி! பேர மாத்தினா பூச்சிக்கு இன்னா வந்துச்சு?"

"நானும் அப்படி நினைச்சுதான் அக்கா மாத்தினேன். பூச்சி பேருல ஆரம்பிச்சது, ரெண்டே நாளுல எங்கம்மா அடுப்படியில வந்து நின்னுச்சு. மொத பொய்க்கு நம்ம கையெழுத்து கிடைச்சுட்டா, அடுத்த பொய்க்கு யாரும் நம்மளக் கேக்கறதே இல்ல."

"இப்போ இன்னா ஆகும்?"

"தெரியல. பயமாதான் இருக்குது." ஜெனிட்டா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பின்னால் நகர்ந்துகொண்டிருந்த சயனைடு மேட்டின் அடிவாரத்தில் நீல ஷீட் சின்னதாகத் தெரிந்து மறைந்தது. "நேத்து அனுமதி தர்ற ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் போன் பண்ணாங்க. வியாழக்கிழமை நேர்ல வந்து பாக்கறாங்களாம். அந்த இடத்துல நெஜமாவே வீடுங்க இருக்குதான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

ஜெனிட்டா உட்காரும்போது எடுத்து மடியில் வைத்திருந்த துப்பட்டாவை மடித்துச் சுனிதாவிடம் நீட்டினாள்.

"நீ தெனமும் சொல்றதத்தான் சொன்னேன் அக்கா. ஆள் இருக்குது."