பறவை வந்துட்டுப் போச்சு

மலேரியா முற்றிப் பிள்ளைக்கு வலிப்பு வந்தால், எங்கள் ரூஃபிஜி ஆற்றங்கரையில் அதற்கு டெகெடெகெ என்று பேர். வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சொன்னால் திரும்ப வந்துவிடும் என்று பயம். ‘பறவை வந்துட்டுப் போச்சு’ என்போம். யாருக்கும் புரியும்.

ஐகாந்தே நர்ஸுக்குப் புரியவில்லை. அவள் வடக்கே மலைப்பக்கத்துக்காரி, வேலைக்கு வந்த புதிது. நான் ஆஸ்பத்திரி வாசலில் மாண்டாசிப் பணியாரம் சுட்டு விற்பவள். அன்றைக்கென்று பார்த்து எனக்கு அக்கரையில் கல்யாண வீடு. நான் மட்டும் இருந்திருந்தால்!

எங்கள் ஊர் சிவேமா தன் மகன் ஷோமாரியைத் தூக்கிக்கொண்டு விடியலிலேயே வந்திருக்கிறாள். ஜன்னலில் முகத்தை வைத்துக் கிசுகிசுத்தாளாம்.

“பறவை வந்துட்டுப் போச்சு, சிஸ்டர்.”

எங்கள் பாஷையில் பறவைக்கும் விமானத்துக்கும் ஒரே சொல்.

“ஓஹோ, ஏறி ஊர் சுத்திட்டு வந்தானா? டிக்கெட்டைப் பத்திரமா வச்சுக்க. காய்ச்சல் இருக்கா?”

“இருக்கு.”

“வரிசையில உக்காரு. எல்லாருக்கும் காய்ச்சல்தான்.”

சிஸ்டரே சிரிக்கிறார்கள், அப்படியானால் பயமில்லை என்று நினைத்தாளாம் சிவேமா. இதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த அலமாரியில் அந்த வாரம்தான் ஊசி மருந்து வந்திருந்தது.

வெயில் ஏறியதும் பிள்ளை மறுபடி வெட்டி இழுத்தான். அப்போதுதான் அவள் அந்தப் பேரைச் சொல்லி அலறினாள். ஐகாந்தே ஊசியோடு ஓடிவந்தாள்.

“இதை முதல்லயே சொல்லக் கூடாதா?”

“சொன்னேனே சிஸ்டர்... சொன்னேனே.”

மதியத் தொழுகைக்கு முன்பே ஷோமாரி போய்விட்டான்.

இப்போது ஐகாந்தே ஒவ்வொரு தாயிடமும் தணிந்த குரலில், “பறவை வந்துச்சா?” என்றுதான் முதலில் கேட்கிறாள். நல்ல பெண்தான், திட்ட மனசு வரவில்லை. ஆனாலும் அவளுக்குத் தேநீர் ஊற்றும்போது என் முகம் கோணிவிடுகிறது.

போன மழைக்குச் சிவேமா சின்ன மகளோடு வந்தாள். ஐகாந்தே நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள்.

“பறவை...” என்று இழுத்தாள்.

“டெகெடெகெ வரல, சிஸ்டர். வெறும் காய்ச்சல்தான்.” வாசல் முழுக்கக் கேட்டது.

வரிசையில் ஒருத்தி பதறிப்போய்த் தன் பிள்ளையின் காதைப் பொத்தினாள். “அடியே, பேரைச் சொல்லாதடி!”

“சொல்லாம இருந்து பாத்தாச்சுக்கா” என்றாள் சிவேமா.