இரண்டரைக் கூறு

ஐந்தரைக்கு எழுந்தான் கதிரவேலு. குளித்தான். ஒருவனுக்கு வேண்டிய வெள்ளையரிசியைக் களைந்து உலையில் போட்டான். வெந்ததும் கஞ்சியை வடித்துக் கொட்டினான். சவரம் செய்தான். மனைவி சாரதாதேவியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒரு வாரம்.

சனிக்கிழமை. ஈப்போ நகரில் விஞ்ஞானம் படிப்பிப்பவனுக்கு அன்று பள்ளி இல்லை. நோட்டை எடுத்தான்.

சாரதாவின் கால்கள் மரத்துப்போனபோது, செமோர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசராக இருந்த கூட்டாளி ஸ்கந்தராஜா ஒரு பாட்டரிப் பெட்டியோடு வந்தான். நரம்பில் மின்சாரம் வற்றிவிட்டது, ஏற்றினால் நடப்பாள் என்றான். மூன்று வாரம் ஏற்றினான். அவள் போன பகல் கதிரவேலு வகுப்பில் இருந்தான். பக்கத்தில் இருந்தவன் ஸ்கந்தராஜா. உன் பேரைச் சொல்லிக்கொண்டே போனாள் என்றான்.

எவ்வளவு வற்றியிருக்கும் என்று கணக்குப் போட்டான். நரம்பின் உறை ஒரு மின்தேக்கி. இரத்த அணுவின் உறைக்கு அளந்த கொள்ளளவு சஞ்சிகையில் வந்திருந்தது: சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோஃபாரட். நரம்புக்கும் அதையே வைத்துக்கொண்டான். மின்னழுத்தம், ஒரு வோல்ட்டில் நூறில் ஏழு பங்கு. அதன் வர்க்கத்தைக் கொள்ளளவின் பாதியால் பெருக்கினான். ஒரு ஜூல் ஆற்றலை நூறு கோடிக் கூறாக்கினால், சதுர சென்டிமீட்டருக்கு அதில் இரண்டரைக் கூறு.

மறுபடி போட்டான். அதே விடை. வற்றியது இவ்வளவுதான் என்றால் முதல் நாளே நிரம்பியிருக்கும். மூன்று வாரம் எதற்கு?

அடுத்த ரயிலில் செமோர் போனான். மருந்தறையில் போத்தல் கழுவிக்கொண்டிருந்த ஸ்கந்தராஜாவின் முன் நோட்டை வைத்தான். அவன் அதைப் பார்க்கவில்லை.

"பெட்டி உனக்குக் காட்டத்தான், மச்சான். அது பெரிபெரி. எனக்கு முதல் நாளே தெரியும்."

தவிடு போகத் தீட்டிய அரிசியையே தின்றால் வருவது. புழுங்கலரிசி தின்னும் தோட்டத்துச் சனத்துக்கு வருவதில்லை. கூலிக்காரர் அரிசி என் வீட்டுக்குள் வராது என்று விருந்தாளிகள் முன் சொன்னவன் கதிரவேலு. அவனுக்கு மதியம் பள்ளி விடுதியில் ரொட்டியும் முட்டையும். அவளுக்கு மூன்று வேளையும் அந்த வெள்ளைச் சோறுதான். அவருக்குச் சொல்லக் கூடாது என்று ஸ்கந்தராஜாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பாட்டரிப் பெட்டி கொண்டுபோன பைக்குள் அவளுக்குப் புழுங்கலரிசியும் போனது. பிந்திப் போனது. இதயம் நின்றுவிட்டது.

"ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னைப் பேயனாக்கிப் போட்டியள்."

"சொல்லியிருந்தா மாத்தியிருப்பியோ?"

"மாத்தியிருப்பன்."

ஸ்கந்தராஜா போத்தலைக் கவிழ்த்து வைத்தான்.

"என்ரை பேரைச் சொன்னவள் எண்டாய். அதுவும் பொய்யோ?"

அவன் ஈரக் கையைத் துடைத்துவிட்டுச் சொன்னான். அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"அண்ணை, மிச்ச அரிசியை அவர் பள்ளிக்கூடம் போன பிறகு கொண்டு வாங்கோ."