கொழுந்து லொறியும் ஏழு பட்டங்களும்

பொங்கல் விழாப் பட்டிமன்றத்துக்கு நடுவராக இருக்கச் சொல்லி இளைஞர் கழகத்துப் பையன்கள் வந்து நின்றபோது, நான் முதலில் கேட்டது தலைப்பு என்ன என்றுதான். மாமியாரா மருமகளா என்ற வகையறா என்றால் ஆளை விடுங்கள் என்றேன்.

“அதெல்லாம் இல்லக்கா,” என்றான் கழகச் செயலாளர் றொபின்சன். “ஒலகத்துலயே பெரிய ரேஸ் டிரைவர் யாரு? செனாவா, ஷூமாக்கரா?”

“நம்ம லயத்துல ஒரு கார்கூட இல்லையேடா.”

“கார் இருக்கவன் எதுக்குக்கா பேசப்போறான்? அவன் ஓட்டிட்டுப் போயிருவான்.”

பேராதனையில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஹாலிஎலவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், நான்தான் முதல் பட்டதாரி. நியமனம் இந்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லிச் சொல்லி அரசாங்கமே மாறிவிட்டது. அதுவரைக்கும் எனக்குக் கிடைத்த உத்தியோகம் இவைதான்: ஊரார் படிவங்களை நிரப்புவது, பிரேத ஊர்வலத்துக்கு நோட்டீஸ் எழுதுவது, மேடையில் நன்றியுரை சொல்வது. இதையும் செய்துவிட்டுப் போகலாம் என்று தலையாட்டினேன்.

பொங்கலுக்கு மறுநாள் பின்னேரம், கோயில் முற்றத்தில் மேடை போட்டார்கள். சிறப்பு விருந்தினர் தோட்டத்துப் பெரிய தொரை, அதாவது மனேஜர். அவருக்கு லயத்துப் பேச்சுத் தமிழ் கொஞ்சம் வரும். மேடைத் தமிழ் ஒரு சொல்லும் ஏறாது. பட்டிமன்றம் தொடங்குமுன் மைக்கைப் பிடித்தார். பொங்கல் வாழ்த்துச் சொன்னார். அதோடு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

“நவம்பர் மாசம் ஒரு லொறி கொழுந்து ரோட்டுல கெடந்து நாசம்,” என்றார். “மழைன்னு சொல்றது. மழை எல்லா வருசமும் வருது. ஆளுங்களுக்குக் கவனம் இல்ல. பொறுப்பு இல்ல.”

முற்றத்தில் இருந்த எல்லாருக்கும் அந்தக் கொழுந்தின் கதை தெரியும். இரண்டு மாதமாகத் தோட்டம் முழுவதும் வாயைக் கட்டிக்கொண்டு காத்துவந்த கதை அது.

எங்கள் தோட்டத்துக் கொழுந்து லொறிக்கு எழுத்தில் ஒரு டிரைவர் உண்டு. ஹுமைத் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். பதுளையிலிருந்து வருகிறவர். பென்சனுக்கு இரண்டு வருடம் இருக்கிறது, கண்ணுக்கு அவ்வளவு நாள் தாங்காது. சீனி வியாதி பார்வையைத் தின்றுவிட்டது. அதனால் நான்கு வருடமாக லொறியை உண்மையில் ஓட்டுவது எங்கள் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் மரியநாயகம் மாமா. எழுத்தில் அவர் சாக்கு ஏற்றும் தொழிலாளி. அவரிடம் இருப்பது ஓட்டோ ஓட்டும் லைசன். பக்டரிக்கு முந்தின வளைவில் லொறி நிற்கும். மாமா இறங்கிப் பின்னால் ஏறுவார், நானா நகர்ந்து ஸ்டீயரிங்குக்கு வருவார். திரும்பும்போது அதே வளைவில் மறுபடி மாறிக்கொள்வார்கள். கொழுந்து எடுக்கும் பெண்களும் அதே லொறியில்தான் மேல்மலைக்குப் போய் வருவார்கள். ஒருவரும் வாய் திறந்ததில்லை. கண் தெரிகிறவன் ஓட்டுவது எல்லாருக்கும் நல்லதுதானே.

அந்த நவம்பரில் நான்கு நாள் விடாத மழை. மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, மழை மூன்றாம் நாளைத் தாண்டினாலே லயத்தில் ஒருவரும் சரியாகத் தூங்குவதில்லை. நான்காம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு என் அக்கா சுதர்ஷினிக்கு வலி எடுத்தது. தோட்டத்து அம்புலன்ஸ் ஆறு மாதமாகக் கராஜில் கிடந்தது. மண் சரிந்திருக்கிறது என்று கீழே இருந்து ஓட்டோக்காரர்கள் வர மறுத்தார்கள். நானா அன்றைக்கு ஒஃபிசுக்குச் சொல்லாமல் கண் கிளினிக்குக்குப் போயிருந்தார். கொழுந்து ஏற்றிய லொறி மட்டும் நின்றது.

மாமா யாரையும் கேட்கவில்லை. சாக்குகளை ஒவ்வொன்றாக ரோட்டோரத்தில் இறக்கினார். அக்காவையும் என்னையும் முன்னால் ஏற்றினார். பாதி வழியில் மண் வந்து ரோட்டில் பாதியை மூடியிருந்தது. அவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த மண்ணில் நடந்து பார்த்தார். போய்த் திரும்பினார். மறுபடியும் போனார். வந்து ஏறி, “ரெண்டு பேரும் பேசாம இருங்க,” என்று மட்டும் சொல்லி முதல் கியரைப் போட்டார். வெளிப்பக்கச் சக்கரம் கல்கட்டின் விளிம்பில் உரசிக்கொண்டு வந்தது எனக்குக் கேட்டது. நடந்து போகிறவன் எங்களை முந்தியிருப்பான். அவ்வளவு மெதுவாக ஓட்டினார். ஐந்தரைக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. கொழுந்து மழையில் ஊறி அழுகிப்போனது. லொறி புதைந்துவிட்டது என்று நானா பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார்.

இப்போது அந்தக் கொழுந்துக்காக ஒரு மனிதர் மைக்கில் எங்களுக்குப் பொறுப்பு இல்லை என்கிறார். மாமா மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பட்டிமன்றம் தொடங்கியது. செனா அணிக்கு ரமேஸ், ஷூமாக்கர் அணிக்கு றொபின்சன்.

“மொனாக்கோவுல மழை! ஒண்ணுக்கும் ஒதவாத கார்! பதிமூணாவது எடத்துல கெளம்புன மனுசன் ரெண்டாவதா வந்தாரு!” என்று ரமேஸ் முழங்கினான். “ரேஸ பாதியில நிறுத்தலேன்னா மொதல் எடமே அவருக்குத்தான்!”

“நிறுத்தலேன்னா, நிறுத்தலேன்னா! எங்க அப்பாகூட ஓ லெவல் பாஸாயிருந்தா இன்னைக்குத் தொரைதான்!” என்றான் றொபின்சன். முற்றம் சிரித்தது. “எங்க ஆளு ஏழு தடவ சம்பியன். அதுல அஞ்சு தொடர்ந்து. உங்க ஆளு மூணு. ஏழு பெருசா, மூணு பெருசா? ரமேஸ் அண்ணன் கணக்குல எப்பவுமே கொஞ்சம் வீக்கு.”

“ஏழு தடவ ஜெயிச்ச இன்னொருத்தரும் இருக்காரே, ஹமில்டன்? அப்ப ஒன் ஆளு பாதிதானேடா!”

ஒரு மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் மைக் எனக்கு வந்தது. எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று இப்போது சொல்ல முடியாது. தெரிந்துதான் சொன்னேன்.

“செனா மழையில் ஓட்டினார், உண்மை. ஆனால் அவர் தலைக்கு மேல் மலை சரியவில்லை. ஷூமாக்கர் ஏழு பட்டம் வென்றார், உண்மை. ஆனால் அவர் வண்டியில் பிரசவ வலியோடு ஒரு பெண் இருக்கவில்லை. கொழுந்தை இறக்கி வைத்துவிட்டு இரண்டு உயிரை ஏற்றிச் சென்ற ஒருவர் இந்த முற்றத்தில் இருக்கிறார். பெயர் சொல்லத் தேவையில்லை. நடுவர் தீர்ப்பு அவருக்கே.”

கோயில் மணி அதிர்கிறமாதிரிக் கைதட்டினார்கள். விசில் பறந்தது. மாமா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் மேடையை விட்டு இறங்கியபோது பெரிய தொரை எழுந்து நின்றார். “மிஸ், என்ன சொன்னீர்கள்? எல்லாரும் இப்படிக் கைதட்டுகிறார்களே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாற்காலியை என் பக்கம் நகர்த்திப்போட்டு, உட்காரச் சொன்னார்.

எங்கள் அப்பா அந்த மனிதரின் முன்னால் முப்பது வருடம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றவர். எனக்கு அவர் நாற்காலி போடுகிறார். நான் உட்கார்ந்தேன். நல்ல ஆங்கிலத்தில், இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாமல், முழுவதையும் சொன்னேன். “அற்புதம். யார் அந்த மனிதர்?” என்று கேட்டார், ஏதோ பதக்கம் குத்தப்போகிறவர்மாதிரி.

பெயரைச் சொன்னேன்.

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாருக்கும் வேலை பிரித்த பிறகு, மரியநாயகம் மாமாவை மட்டும் தனியாக நிறுத்தினார்கள். லைசன் இல்லாமல் கம்பெனி லொறியை எடுத்ததற்கும் கொழுந்தை அழித்ததற்கும் விசாரணை. நானாவுக்கும் சேர்த்து. இரண்டு பேருக்கும் வேலை போகும் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். மாமாவுக்கு வேலை போனால் குடியிருக்கும் காம்பராவும் போகும்.

மாமாவின் மனைவி நேசராணி அத்தை எங்கள் வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இந்த லயத்துல எழுதப் படிக்கத் தெரியாத அம்பது பேரு ரெண்டு மாசமா வாயத் தொறக்கலம்மா,” என்றார். “படிச்சவ நீ ஒருத்திதான்.”

பின்னால் வந்த மாமா அத்தையின் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

“யசோ, நீ போய், மேடையில நான் சொன்னது பொய்யின்னு எழுதிக் குடுத்துரு.”

“எப்படி மாமா? அத்தன பேரு முன்னால சொன்னேனே.”

“பட்டிமன்றந்தானே பாப்பா. அதுல எவன் உண்ம பேசுறான்?”

அக்கா பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, “நான் ஓட்டோவுல போனேன்னு சொல்றேன்,” என்றாள்.

எழுதினேன். மேடைக்காக நானே கற்பனை செய்த கதை, மரியநாயகம் என்பவருக்கும் இதற்கும் தொடர்பில்லை, வருந்துகிறேன். அந்தக் கடிதத்திலும் இலக்கணப் பிழை இல்லை. தொரை இரண்டு முறை படித்தார். அவர் நம்பவில்லை. ஆனால் விசாரணை என்று போனால், அம்புலன்ஸ் ஏன் ஆறு மாதம் கராஜில் கிடந்தது என்ற கேள்வியும் மேலே போகும். என் பொய் அவருக்கும் தேவைப்பட்டது.

“கதை நன்றாகச் சொல்கிறீர்கள், மிஸ்,” என்றார். இந்த முறை நாற்காலி கிடையாது.

விசாரணை நின்றது. ஆனால் ஓர் உத்தரவு வந்தது: சாக்கு ஏற்றும் தொழிலாளி இனி லொறியின் முன்பக்கம் ஏறக் கூடாது. சாவி வேலை முடிந்ததும் ஒஃபிசுக்கு வந்துவிட வேண்டும். இரண்டையும் பார்க்கப் புதிதாக ஒரு காவல்காரரைப் போட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை, சந்திக் கடைக்கு முன்னால் பையன்கள் மறுபடியும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பாண் வாங்கப் போனேன்.

“அக்கா, அந்தத் தீர்ப்பு செல்லாதுன்னு ஆயிருச்சே,” என்றான் றொபின்சன், கொஞ்சம் தயங்கி. “இப்பவாவது சொல்லுங்க. செனாவா, ஷூமாக்கரா?”

“ஷூமாக்கர்.”

“ஏங்க்கா?” என்று ரமேஸ் நொந்துபோய்க் கேட்டான்.

“ஏழுன்னு எழுதி வச்சிருக்காங்கடா. எழுதி வச்சத யாரும் இல்லேன்னு சொல்ல முடியாது.”

அப்போது மேல்வளைவில் லொறி வருகிற சத்தம் கேட்டது. கியர் கரகரவென்று உராய்ந்தது. கண்ணாடியோடு முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு நானா ஓட்டி வந்தார். பின்னால் கொழுந்துச் சாக்குகளும், கம்பியைப் பிடித்தபடி வேலை முடிந்த பெண்களும். நேசராணி அத்தையும் இருந்தார். அவர்களுக்கு முன்னால், நானாவின் தலைக்கு நேர் பின்னால், மரியநாயகம் மாமா நின்றுகொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை கெபினின் கூரையில் இருந்தது.

டக் என்று ஒரு தட்டு. லொறி இடது பக்கம் ஒதுங்கியது.

டக், டக் என்று இரண்டு. வலது பக்கம் வந்தது.

பையன்கள் ரோட்டு விளிம்புக்கு வந்தார்கள். லொறி கீழ்வளைவுக்குள் இறங்கி மறைந்தது. அதற்குப் பிறகும் நாங்கள் நின்று தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தோம். ஒன்று. ஒன்று. இரண்டு. அடுத்த தட்டுக்குக் கொஞ்சம் தாமதமானது. றொபின்சன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

டக்.

“ஒண்ணு,” என்றான்.