பதினொரு மணி வரை பிணம்

கேப்டன் எகான் ஃபொன் டார்கிட்ஸ் பதினாலு வருஷம் கேப்டனாகவே இருந்தார். அவரோடு படித்தவர்களெல்லாம் மேஜராகி, கர்னலாகி, தொப்பையும் வைத்துவிட்டார்கள். அவர் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. சொன்னதைச் சொன்னபடி செய்வார். ராணுவத்தில் அது நல்ல குணம்தானே என்று கேட்பவர்கள் ராணுவத்தில் இருந்ததே இல்லை.

லெப்டினன்டாக இருந்தபோது ஒரு கர்னல், "நான் வர்ற வரைக்கும் இந்தப் பாலத்த விட்டு அசையாதே" என்று சொல்லிவிட்டுக் கல்யாண விருந்துக்குப் போய் மறந்துவிட்டார். இவர் இரண்டு நாள் மழையில் நின்றார். மூன்றாம் நாள் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஊரே சிரித்தது கர்னலைப் பார்த்துத்தான். கர்னல் அதை மறக்கவே இல்லை. பிரான்ஸ் சண்டையில் தோளில் குண்டு பட்டபோது, "உத்தரவு இல்லாமல் காயமடைந்ததற்கு வருந்துகிறேன்" என்று இவர் அறிக்கை எழுதினாராம். நான் நம்புகிறேன்.

அவருடைய கம்பெனிக்கு நான் சார்ஜண்ட் மேஜர், பெயர் ட்ரெவிட்ஸ். நூற்றிருபது பேருக்குத் தாய், தகப்பன், சமயத்தில் மாமியார்.

கேப்டனுக்கு நாற்பத்தெட்டு வயதான வருஷம், இலையுதிர் காலப் போர் ஒத்திகை வந்தது. இதில் தேறினால் மேஜர். தேறாவிட்டால் வீட்டுக்கு ஒரு நீல உறை வரும். உடல்நிலை காரணமாக நீங்கள் கேட்ட ஓய்வு வழங்கப்படுகிறது என்று உள்ளே எழுதியிருக்கும். நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

கிளம்பும்போது அவர் மனைவி ஒட்டிலி அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ட்ரெவிட்ஸ், சீருடைய கழட்டிட்டா அவரு ஒரு வாரம் தாங்கமாட்டாரு. தயவுசெஞ்சு எதையும் சொன்னபடியே செஞ்சிடாம பாத்துக்குங்க."

நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்.

ஒத்திகையில் நாங்கள் கிழக்குப் படை, எதிரி மேற்குப் படை. காலை ஒன்பதரைக்கெல்லாம் ஒரு பீட்ரூட் வயலில் மேற்குப் படையின் பீரங்கிகளுக்கு முன்னால் போய் நின்றோம். கையில் வெள்ளைத் துணி கட்டிய நடுவர் குதிரையில் வந்தார்.

"கேப்டன், உங்க கம்பெனி மொத்தமும் காலி. பதினொரு மணி வரைக்கும் நீங்க பிணம்."

"பிணம்னா படுத்துக்கணுமா, உக்காரலாமா?"

"பிணம் எப்படி இருக்கும்னு தெரியாதாய்யா?" என்று எரிந்து விழுந்துவிட்டு நடுவர் போய்விட்டார்.

மற்ற கம்பெனிகள் செத்தால் சுருட்டுப் பிடிக்கும், சீட்டாடும். எங்கள் கம்பெனி சேற்றில் மல்லாந்தது. கேப்டன் முதல் ஆளாகப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் படையின் மற்ற கம்பெனிகள் காற்றாலைக்குப் பின்னால் போய் ஒளிந்ததை நான் அரைக்கண்ணால் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மேற்குப் படை ஜெனரல் பரிவாரத்தோடு வந்தார்.

"யோவ், உங்க ஆளுங்க எந்தப் பக்கம் போனாங்க?"

கேப்டன் மூச்சுவிட்டதோடு சரி. ஜெனரல் கத்திப் பார்த்துவிட்டு, குத்துமதிப்பாகத் தேவாலயப் பாதையில் படையை ஓட்டிக்கொண்டு போனார். எனக்கு உள்ளூரக் குஷி.

அந்தக் குஷி பத்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. எங்கள் ஜெனரல் பிராக்வேடே வந்து நின்றார்.

"டார்கிட்ஸ்! எதிரி எந்தப் பக்கம் போனான்?"

கேப்டன் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்து சாவகாசமாகக் கால் தேய்த்தது. நான் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தேன். பூட்ஸ் காலால் என் முழங்காலில் ஓர் உதை விழுந்தது. செத்த மனிதருக்கு அவ்வளவு பலம்.

"நக்கலா? நீ வீடு போய்ச் சேருறதுக்குள்ள நீல உறை அங்க காத்துக்கிட்டிருக்கும்!" ஜெனரல் சவுக்கை ஓங்கிக்கொண்டு போனார்.

"ஐயா, கெட்டுது குடி" என்றேன். பிணத்தின் மூடிய கண்ணோரம் மட்டும் ஈரமாக இருந்தது. சேறாகவும் இருக்கலாம்.

தூரத்து மணி பதினொன்று அடித்ததும் கேப்டன் எழுந்து, "கம்பெனி, உயிரோடு எழு!" என்றார்.

மதியம் குன்றின்மேல் விசாரணை. நான் கேப்டனின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் குதிரைமேல் கிழட்டு மார்ஷல். இரண்டு ஜெனரல்களும் ஒரே ஆளைப் பற்றி ஒரே புகார் சொன்னதை அன்றைக்குத்தான் ராணுவம் கண்டது.

"ஏன்யா பதில் சொல்லல?" என்றார் மார்ஷல்.

"செத்துப் போயிருந்தேன், ஐயா. மணி பத்து நாப்பதுதான் ஆகியிருந்துச்சு."

மார்ஷலின் மீசை முதலில் ஆடியது, பிறகு வயிறு, பிறகு குதிரையே ஆடியது.

"சரியாத்தான்யா செஞ்சிருக்கான்! எதிரிக்கு வழி சொல்லியிருந்தா துரோகி. உமக்கு வழி சொல்லியிருந்தா பேய். பிராக்வேடே, உமக்குப் பேய்ங்க கிட்ட வழி கேக்குற பழக்கம் உண்டா?"

நவம்பரில் கேப்டன் மேஜரானார். ஒன்பது வருஷம் அந்தச் சீருடையில் இருந்துவிட்டு, தானே கேட்டு ஓய்வு பெற்றார்.

போன பிப்ரவரியில் இறந்துபோனார். காலையில் போனேன். சீருடையோடு முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். ஒட்டிலி அம்மா எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, காபி கொண்டுவர உள்ளே போனார்.

நான் குனிந்து, "ஐயா, எதிரி எந்தப் பக்கம் போனான்?" என்று கேட்டேன்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது. நாற்காலியைத் தள்ளிவிட்டு விறைப்பாக நின்றேன். காபி வந்து ஆறிப்போனது. அந்த அம்மாவும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

பதினொன்று அடித்து முடிந்தது. அதற்குப் பிறகுதான் நாங்கள் இருவரும் அழுதோம்.