கொக்கிவரை ஒரு கோடு

காலையில் மனைவியின் தலையணையில் காரை உதிர்ந்து கிடந்தது. அவளுக்கு எட்டாம் மாதம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வீட்டைக் கட்டிய இன்ஜினியர் வெளியூரில் இருந்தார். சீலிங்கைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்.

அவன் ஓட்டல் அறைகளைப் படமெடுப்பவன். ஜன்னலின் வெளிச்சமும் மூலையின் இருட்டும் ஒரே படத்தில் அடங்காது. கேமராவை ஸ்டாண்டில் வைத்து மூன்று எடுத்தான்: ஜன்னலுக்கு ஒன்று, அறைக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று. மூன்றையும் எச்டிஆரில் ஒரே படமாகச் சேர்த்தான். ஓட்டல்களுக்குச் செய்வதுபோலவே இருண்ட இடங்களை வெளிச்சமாக்கினான். சொரசொரப்பைக் கூட்டினான். மூலையிலிருந்து ஒரு கோடு மின்விசிறிக் கொக்கிவரை போயிருந்தது.

வெறும் கண்ணுக்கு அவ்வளவு தெரியவில்லை. கண்ணைவிடக் கேமராவை நம்பிப் பழகியவன். அனுப்பிவிட்டான்.

"தளமே விரிசல் விட்டிருக்கு. உடனே காலி பண்ணுங்க" என்றார் இன்ஜினியர்.

மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.

மாமியார் பையில் துணிகளைத் திணித்தாள். மச்சான் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தான்.

"உட்காருக்கா. நானும் மாமாவும் தூக்கிடுறோம்."

"கேஸ் சிலிண்டரையே நீங்க ரெண்டு பேரும் மாடிக்கு மாடி இறக்கி வச்சு மூச்சு வாங்குறீங்க" என்றாள் மனைவி.

"வாயை மூடிட்டு உட்காருடி" என்றாள் மாமியார்.

படி திரும்பும் இடத்தில் நாற்காலி சாயும். அவன் படத்தை மறுபடி திறந்தான். திரைச்சீலையின் ஓரம் இரட்டையாகத் தெரிந்தது. எடுக்கும்போது அசைந்திருக்கிறது.

மூன்றையும் தனித்தனியாகத் திறந்தான். முதலாவதில் மூலை வெறும் கறுப்பு. இரண்டாவதில் ஒரு சாண் கோடு, அத்தோடு சரி. மூன்றாவதில் மட்டும் கொக்கிவரை.

எழுந்து போய்த் திரைச்சீலையைக் கையால் அசைத்தான். சீலிங்கில் மெல்லிய நிழல் ஒன்று நகர்ந்தது.

மனைவி ஒரு காலைத் தரையில் வைத்திருந்தாள்.

"கொஞ்சம் இரு."

இன்ஜினியரை அழைத்தான். "நீளமா போறது நிழல் சார். மூலையில ஒரு சாண்தான் நிஜம்."

"எடுத்ததை எடுத்தபடி அனுப்பக் கூடாதா தம்பி? சீலிங்குக்கு எதுக்கு மேக்கப்?"

மூன்றையும் அப்படியே அனுப்பினான். காத்திருந்தான். மச்சான் நாற்காலியின் கைகளைப் பிடித்தபடியே நின்றான்.

போன் அடித்தது.

"தளம் தாங்கும்னு நினைக்கிறேன். மூலையில காரை விழும். கட்டிலை எதிர்ச் சுவருக்குத் தள்ளுங்க. சாயங்காலம் வந்து தட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

"இப்ப நான் இருக்கவா, போகவா?" என்றாள் மனைவி.

"நீ இரு. கட்டில் போகட்டும்."

அவளோடு சேர்த்துத் தள்ளினார்கள். கட்டில் கால்கள் தரையில் கிறீச்சிட்டன.

"அவரு என்ன சொன்னாரு மாப்பிள்ளை?"

"தளம் தாங்குமாம் அத்தை."

'நினைக்கிறேன்' என்று அவர் சொன்னதை அவன் சொல்லவில்லை.