பேர் சொல்லி ஊற்றுகிற தண்ணீர்

குடியிருப்புக்குப் பின்னால் கிடந்த குப்பைமேட்டைத் தோட்டமாக்கியவள் கண்டக்டரம்மா. பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்றவள். எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு விசிலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஒரு ஊது ஊதினால், போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறவனும் மண்வெட்டியோடு கீழே நிற்க வேண்டும். வராதவன் வீட்டு வாசலுக்கே போய் ஊதுவாள்.

அவள் வைத்த ஏற்பாடு ஒன்று உண்டு. படி இறங்க முடியாமல் வீட்டோடு கிடக்கிறவர்கள் பேரில் ஆளுக்கொரு செம்பருத்தி. செடிக்கு முன்னால் ஒரு செங்கல். அந்த வீட்டுக் கதவு என்ன நிறமோ, செங்கல்லும் அதே நிறம். தண்ணீர் ஊற்றுகிறவர் செங்கல்லைப் பார்த்து, அந்த ஆளைக் கூப்பிட்டு, "குடிங்க" என்று சொல்லித்தான் ஊற்ற வேண்டும்.

"கூப்பிட்டாத்தான்யா ஆளு ஞாபகம் வரும். ஞாபகம் வந்தாத்தான் மேல போயி, மருந்து வேணுமா, கடைக்குப் போகணுமான்னு கேப்பீங்க" என்பாள். அவள் நினைத்தது அவ்வளவுதான்.

கதவுகளுக்கெல்லாம் வர்ணம் அடித்தது பெயிண்டர். செங்கல்லுக்கும் அவன்தான். செடியைக் கூப்பிட்டுப் பேசுவது அவனுக்குச் சிரிப்பாக இருந்தாலும் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. அவனுடைய அக்காவே அப்படிக் கிடந்தவள்தான். ஒரு காய்ச்சலில் படுத்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. சன்னலோரம் கட்டிலைப் போட்டு, தோட்டத்தைப் பார்த்தபடியே நாளைக் கழித்தாள். குரலும் தேய்ந்து, உதடு மட்டும் அசையும். எதிர்வீட்டில் லாரிக்காரர், தனிக்கட்டை. கால் உடைந்து வீட்டோடு இருந்தாரே தவிர, மனிதர் இரும்பு. அவர் இருமினால் கீழ்வீட்டு அலமாரியில் தட்டு குலுங்கும்.

இருவர் செடியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. லாரிக்காரருடையது இலை தெரியாமல் பூத்துக் கிடந்தது. அக்காவுடையது குச்சி.

மழை விட்டும் விடாமலும் பெய்த நாட்களில் செங்கற்கள் வெளுத்துப் போயின. பெயிண்டர் எல்லாவற்றுக்கும் மறுபடி வர்ணம் அடித்தான். அக்கா கதவு நீலம். லாரிக்காரர் கதவும் அதே டின் நீலம்தான், கொஞ்சம் கறுப்பு மட்டும் கலந்தது. தொழில் தெரிந்தவன் ஈர வர்ணத்தை நம்பமாட்டான், காய்ந்த பிறகுதான் நிறம் சொல்லுவான். அன்றைக்குத் தூறலும் சேர்ந்துகொண்டது, இருட்டும் கட்டியது, கண்டக்டரம்மாவும் விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. கைக்கு வந்ததைக் கைக்கு வந்த இடத்தில் வைத்துவிட்டு ஓடினான்.

மறுநாள் கஞ்சியோடு போனபோது அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"காலையில என்னை யாருடா கூப்பிட்டது?"

அந்தக் குரலைக் கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது. பெயிண்டர் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டான்.

"யாரும் கூப்பிடலையேக்கா."

"கூப்பிட்டாங்க. தொண்டை குளுகுளுன்னு ஆச்சு. போ, இன்னொரு டம்ளர் கொண்டா."

அப்புறம் கால் ஊன்றினாள். சுவரைப் பிடித்தாள். பிறகு சுவரை விட்டாள். அடுப்படியில் அவள் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டு, பெயிண்டர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

எதிர்வீட்டு இருமல் நின்றதை அவன் கவனிக்கவில்லை. கண்டக்டரம்மாதான் சொன்னாள்: "லாரிக்காரரைப் போய்ப் பாரு. டாக்டர் வந்துட்டுப் போறாரு, என்ன ஏத்தினாலும் உடம்புல நிக்கலையாம்."

போய்ப் பார்த்தான். கட்டிலில் போர்வை மட்டும் கிடப்பதுபோல் இருந்தது. அதற்குள்ளிருந்து அவர் கண்ணைத் திறந்தார்.

"குடிக்க ஏதாச்சும் வேணுமா அண்ணே?"

"குடிச்சிட்டுத்தான்ப்பா இருக்கேன்." தலைமாட்டில் சொம்பு காலியாக இருந்தது. "காலையில காலையில காதுக்குள்ள கூப்பிடறாங்க. குடிங்கங்கறாங்க. நானும் வாயத் தொறக்கறேன். தண்ணிதான் வரமாட்டேங்குது."

பெயிண்டர் படி இறங்கித் தோட்டத்துக்குப் போனான். நல்ல வெயில். செங்கற்கள் மொறமொறவென்று காய்ந்து, தம் நிறத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. பூத்துக் குலுங்கிய செடியின் முன்னால் அக்கா கதவின் நீலம். குச்சியின் முன்னால் கறுப்பு கலந்த நீலம்.

குனிந்து கையை நீட்டினான்.

"அந்தக் கல்லைத் தொடாதடா."

அக்கா பின்னால் நின்றாள். அவள் படி இறங்கி வந்த சத்தமே கேட்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"சன்னல்தானேடா எனக்கு டிவி. நீ மாத்தி வச்சப்பவே பாத்தேன். கத்தணும்னு வாயத் தொறந்தேன், சத்தம் வரல. விடிஞ்சப்புறம் வந்துச்சு. வந்தப்புறம் நான் ஏன் கத்தணும்?"

"மனுஷன் சருகாக் காஞ்சுட்டாருக்கா."

"நான் காஞ்சப்ப நீ சாப்பிட்டுட்டுக் குறட்டை விட்ட. நான் ஏதாச்சும் சொன்னேனா?"

கண்டக்டரம்மாவிடம் சொல்லலாம். சொன்னால் சிரிப்பாள், இல்லையென்றால் நம்பிவிடுவாள். இரண்டுமே அவனுக்குப் பயமாக இருந்தது.

"சரி, மாத்து" என்றாள் அக்கா. குழாயடி வாளியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். "ஆனா கூப்பிட்டு ஊத்தறது நீதான். இந்தக் குச்சியப் பாத்து 'அக்கா குடி'ன்னு சொல்லு. நான் இங்கயே நிக்கறேன். எந்தக் காலு மொதல்ல போகுதுன்னு ரெண்டு பேருமாப் பாப்போம்."

பெயிண்டர் குவளையில் தண்ணீரை மொண்டான். குச்சியின் மேல் பிடித்தான். வாய் திறக்கவில்லை. அக்கா அவன் வாயையே பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. கட்டிலில் கிடந்தபோது இருந்த அதே பார்வை.

குவளையை வாளியிலேயே கவிழ்த்துவிட்டு, இரண்டு செங்கற்களையும் எடுத்துப் பூத்த செடிக்கு முன்னால் ஒட்டிப் போட்டான். மறுபடி மொண்டான்.

"லாரிக்கார அண்ணே, குடிங்க." பாதியை ஊற்றினான். "அக்கா, குடி." மீதியை ஊற்றினான்.

மேலே ஒரு இருமல். தட்டு குலுங்கும் இருமல் இல்லை, ஆனாலும் இருமல். அக்கா தன் காலைப் பார்த்தாள். கொஞ்சம் ஆடியது, மடங்கவில்லை.

"ஒரு செடி ரெண்டு பேரைத் தாங்குமாடா?"

"தாங்கும்."

"அப்ப இந்தக் குச்சி?"

கல் இல்லாத அந்தக் குச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். காற்றே இல்லை. பக்கத்துச் செடியில் ஒரு பூவும் அசையவில்லை. குச்சி மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. லேசாக, மாடிச் சன்னல்கள் இருக்கும் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. ஒவ்வொரு வீடாகப் பார்ப்பதுபோல்.

அது ஏதாவது ஒரு வீட்டில் நின்றுவிடுவதற்குள், பெயிண்டர் அவசரமாகத் தண்ணீர் மொண்டான்.

"பெயிண்டரே, குடி."

அக்கா அவன் கையைப் பிடிப்பதற்குள் ஊற்றிவிட்டான். தண்ணீர் விழுந்த இடத்தில் மண் நனையவே இல்லை. குச்சியின் ஆட்டம் நின்றது.

முதலில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிரிக்கப் பார்த்தான். உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது. வாளியை அப்படியே தூக்கி வாயில் கவிழ்த்தான். சட்டையெல்லாம் நனைந்தது, வாய் நனையவில்லை. நாக்கு உள்ளே மரச்சில்லாய்க் கிடந்தது. அக்கா என்று சொல்லப் பார்த்தான், காற்றுதான் வந்தது.

"பாவி" என்றாள் அவள். "உன்னை யாருடா கேட்டா? தன்னைத் தானே கூப்பிட்டுக்கிட்டா தண்ணி இறங்குமா?"

வாளியின் அடியில் மிஞ்சியதை வழித்து, குச்சியின் அருகில் மண்டியிட்டாள்.

"தம்பி, குடிடா."

மண் அந்தத் துளியை மட்டும் வாங்கிக்கொண்டது. பெயிண்டரின் தொண்டையில் ஏதோ இறங்கியது. மண் வாசனையோடு, சில்லென்று.

"இன்னுங்கா" என்றான்.

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.