வைகாசியில் விழுந்த அதிக மாசம்

சடகோபன் வீடு பார்க்கக் கிளம்பினால் பெண் பார்க்கக் கிளம்பின மாதிரிதான் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப்பையில் சின்ன டார்ச், பேன்ட் பையில் இஞ்ச் டேப். டார்ச் தண்ணீர்த் தொட்டிக்குள் அடித்துப் பார்க்க. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் சரக்கின் தரம் பார்க்கிற சூப்பர்வைசர் அவன். குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா இருப்பானா?

தை மாதத்திலிருந்து இதே கூத்து. பிச்சாட்டூரில் காலையிலேயே பஸ் ஏறுவார்கள். சடகோபன், மனைவி அம்சவேணி, பத்தாவது எழுதப்போகிற மகள் பிரித்திகா. புத்தூரில் டீ, திருப்பதியில் இறங்கினால் ஆட்டோ. மங்களத்தில் வீடு நன்றாக இருந்தது. தண்ணீர் லாரியில்தான் வரும் என்று உதட்டைப் பிதுக்கினான். கரகம்பாடி ரோட்டில் தண்ணீர் கொட்டியது. லாரி ஓடுகிற ரோட்டில் பெண்பிள்ளை எப்படி சைக்கிள் விடும் என்றான். திருச்சானூரில் தண்ணீரும் இருந்தது, அமைதியான தெருவும் இருந்தது. தாயாரைச் சேவிக்க வருகிற கூட்டமெல்லாம் நம் வாசலில்தான் வண்டியை நிறுத்தும் என்றான். ரேணிகுண்டாவில் வீட்டுக்காரர் கதவைத் திறக்கும்போதே தலைக்கு மேல் ஒரு விமானம் போயிற்று. சடகோபன் அண்ணாந்து பார்த்த பார்வையிலேயே, இந்த வீடும் போயிற்று என்று அம்சவேணிக்குத் தெரிந்துவிட்டது.

அவள் பிறந்தது ஊத்துக்கோட்டை, தமிழ்நாட்டுப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பிச்சாட்டூரில் சடகோபனின் அண்ணன் வேதாச்சலத்தின் வீட்டில்தான் வாசம். கெட்ட மனுஷர்கள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அடுப்பு ஓரகத்தி பச்சையம்மாளுடையது. என்ன குழம்பு என்பதை அவள் முடிவு செய்வாள், எத்தனை மணிக்கு இலை போடுவது என்பதை மூத்தார் வேதாச்சலம் முடிவு செய்வார். பிரித்திகா ராத்திரி படிக்கும்போது பசிக்கிறது என்றால், ஒரு தோசை ஊற்றிக் கொடுக்கக்கூட அம்சவேணி மாவுப் பாத்திரத்தை எட்டிப் பார்த்து, நாளைக்கு யார் கண்ணில் படும் என்று யோசிப்பாள். நாற்பத்து மூன்று வயதுப் பெண்பிள்ளை, ஒரு கரண்டி மாவுக்கு யோசிப்பாள்.

தமிழ்நாட்டுப் பக்கம் பிளஸ் டூ என்பார்களே, அந்த இன்டரைப் பிரித்திகா படிக்கப்போவது திருப்பதியில், ஜூனியர் காலேஜில். இரண்டு வருஷம். அதற்குமேல் எந்த ஊர் காலேஜோ, எந்த ஊர் வேலையோ. அந்த இரண்டு வருஷமாவது தானும் மகளுமாக ஒரு அடுப்பின் முன்னால் நிற்க வேண்டும் என்று அம்சவேணிக்கு ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, அதை நினைத்துத்தான் அவள் காலையில் எழுந்தாள். ஜூனில் காலேஜ் திறப்பதற்குள் வீடு அமையாவிட்டால் பெண் ஹாஸ்டலுக்குப் போய்விடும். அப்புறம் திருப்பதிக்குக் குடிபோக ஒரு காரணமும் இருக்காது. இது அவளுக்குத் தெரியும். சடகோபனுக்கும் தெரியும்.

சித்திரையில் அவிலாலாவில் ஒரு வீடு பார்த்தார்கள். சாய்குமார் என்கிற தெலுங்குக்காரரின் வீடு; கீழே அவர், மேலே வாடகைக்கு. சடகோபன் தொட்டியில் டார்ச் அடித்தான், சுத்தமாக இருந்தது. குழாயைத் திருகினான், தண்ணீர் சட்டையில் அடித்தது. சன்னலைத் திறந்தான், மலை தெரிந்தது. இஞ்ச் டேப்பை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, அவனுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. முகம் ஒரு மாதிரி வெளிறிப்போயிற்று. வெயில் என்று நினைத்துக்கொண்டாள் அம்சவேணி.

பேரம் பேசுவது ஆம்பளைகள் வேலை. சடகோபனும் சாய்குமாரும் கேட்டடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்சவேணி சமையலறையில் மேடையைச் சாண் போட்டு அளந்தாள். அடுப்பு இங்கே, மாவு கிரைண்டர் அங்கே. சாய்குமாரின் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்து, போன் நம்பரும் கொடுத்தாள்.

"நைனா, இந்த வீட்டுல இன்னா கொற?" என்று பஸ்ஸில் பிரித்திகா வம்புக்கு இழுத்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றான் சடகோபன். கொஞ்ச நேரம் கழித்து, "வைகாசில பால் காய்ச்சிடலாம்," என்றான்.

பேசினால் கலைந்துவிடும் என்று அம்சவேணிக்குப் பயம். புத்தூரில் மட்டும் ஒரு முழம் மல்லிக்குப் பதில் இரண்டு முழம் வாங்கினாள்.

வேதாச்சலத்தின் வீட்டில், எல்லையோரத்து வீடுகள் பலவற்றையும் போல, இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்று தமிழ், ஒன்று தெலுங்கு. அம்சவேணிக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. தமிழ்க் காலண்டரில் வைகாசி முழுக்க முகூர்த்தமாக இருந்தது. வளர்பிறையில் ஒரு நல்ல நாளை மனசுக்குள் குறித்து வைத்துக்கொண்டாள். பக்கத்து ஆணியில் தொங்கியதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வைகாசி பிறந்த வாரம் சடகோபன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"அதிக மாசமாம் அம்சா. சாவி தரமாட்டாங்களாம்."

"அது இன்னா மாசம்?"

அவன் பொறுமையாகச் சொன்னான். தமிழ்க்காரர்கள் சூரியனைப் பார்த்து மாசத்தை எண்ணுகிறார்கள். தெலுங்குக்காரர்கள் சந்திரனைப் பார்த்து. அந்தக் கணக்கில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாசம் உபரியாக வந்து நிற்கும். அந்த மாசத்தில் கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, யாரையும் குடிவைக்க மாட்டார்கள். இந்த வருஷம் அது சரியாக வைகாசியின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"ஆனி பொறக்கும்போது அவங்களுக்கு முடிஞ்சிடும்," என்றான்.

"ஆனில நம்மாளுங்க குடிபோவமாட்டாங்களே."

"அதான் நானும் யோசிக்கிறேன்."

"ஆடி?"

"ஆடி, நமக்கும் ஆவாது. அவங்களுக்கும் ஆஷாடம், ஆவாது."

அம்சவேணி எழுந்து போய் இரண்டு காலண்டருக்கும் முன்னால் நின்றாள். ஒன்று திறக்கிற நேரத்தில் இன்னொன்று மூடிக்கொண்டது. ஆவணி வரைக்கும் போக வழியே இல்லை. காலேஜ் திறப்பதோ ஜூன் முதல் வாரம். தன் முட்டாள்தனத்தை நினைத்துத் தன்னையேதான் திட்டிக்கொண்டாள், இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்துகொண்டு பக்கத்துக் காலண்டரைப் பார்க்கவில்லையே என்று.

பிரித்திகா ஹாஸ்டலுக்குப் போனாள். "ரெண்டு மூணு மாசந்தான் கண்ணு," என்று பெட்டியைக் கொடுக்கும்போது அம்சவேணி சொன்னாள். பெண் அழவில்லை. அழுதது அம்மாதான், பஸ்ஸில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. சடகோபன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆனி பிறந்தது. அம்சவேணி துணிந்துவிட்டாள். "ஆனியானா ஆனி. போய்டலாங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது."

"அண்ணன் ஒத்துக்காது அம்சா. நான் இன்னா பண்ணட்டும்?"

அந்த வீட்டில் தம்பி மனைவி மூத்தாரிடம் நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை. எதுவானாலும் பச்சையம்மாள் வழியாகத்தான். அன்றைக்கு அம்சவேணி காபியைக் கொண்டுபோய் வேதாச்சலத்தின் முன்னால் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"மாமா, ஆனில நாங்க திருப்பதிக்குக் குடிபோவக்கூடாதுன்னு சொன்னீங்களாமே. கொஞ்சம் மனசு வைக்கணும்."

வேதாச்சலம் நிமிர்ந்து பார்த்தார். "எந்தத் திருப்பதி? யார் குடிபோறாங்க?"

"அவிலாலால வீடு..."

"நீங்க வாராவாரம் மலைக்குக் கும்பிடப் போறீங்கன்னு இல்ல சொன்னான்?"

வேதாச்சலம் காபியைத் தொடவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரும்மா. நீயே கேட்டதால சொல்றேன். உதயாவுக்கு ஆவணில கல்யாணம். வர்ற பொண்ணுக்கு ஒரு ரூம் வேணும். உங்க ரூம எப்படிக் கேக்கறதுன்னு நானும் உங்கக்காவும் தூக்கம் இல்லாம கெடக்கறோம். நீங்க போறதுன்னா ஆனில போனா இன்னா, நாளைக்கே போனா இன்னா? நான் எதுக்கு வேணாங்கப்போறேன்?"

உதயா அவருடைய ஒரே மகன். அவருக்குக் கண்ணில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்து அம்சவேணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் பூட்டு என்று நினைத்த மனுஷர், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எப்போது போவீர்கள் என்று காத்திருக்கிறார். எதுவானால் என்ன, வழி திறந்துவிட்டது. கொல்லைப்பக்கம் ஓடிப்போய் சாய்குமாரின் மனைவிக்குப் போன் போட்டாள்.

அந்த அம்மாள் முதலில் தெலுங்கிலும் பிறகு தமிழிலுமாகச் சொன்னாள். "மீ சாரே ஒத்தன்னாரு கதம்மா! உங்க சாரேதான் வேண்டாம்னு சொல்லிட்டார். அதிக மாசம் வர்றதுக்கு முன்னாடி பால் காய்ச்சிடுங்கன்னு அன்னிக்கே கேட்டடில சொன்னோம். சாவிகூட எடுத்து வெச்சிருந்தோம். ரெண்டு நாள் கழிச்சி போன் பண்ணி வேற வீடு பார்த்துட்டோம்னாரு. இப்ப வேற ஆளுங்க வந்துட்டாங்க."

அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை போடக்கூட இடம் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருப்பார்கள். அதனால் அம்சவேணி சாயங்காலம் மெயின் ரோட்டுக்குப் போய்க் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றாள். இறங்கிய சடகோபன் அவள் முகத்தைப் பார்த்ததும் சாப்பாட்டுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"எல்லாம் தெரிஞ்சிதான் பண்ணீங்களா?" என்றாள்.

"அந்த வீட்டுல ஒரு கொறையும் இல்ல அம்சா. அதான் பயந்துட்டேன்."

"பயமா?"

"மத்த வீட்டுலல்லாம் ஏதாவது சொல்லி வந்துடலாம். பாத்த மாதிரியும் ஆச்சு, உனக்கும் ஆறுதலா இருக்கும். இந்த வயசுல புதுத் தெரு, புது ஆளுங்க. தெனம் அவ்ளோ தூரம் பஸ்ஸு. அண்ணன் இல்லாத வீட்டுல நான் ஒரு ராத்திரிகூடத் தூங்கினதில்ல. அண்ணன்கிட்ட இன்னான்னு சொல்றது?"

"உங்கண்ணன் நம்ம ரூம எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம முழிச்சிக்கினு இருக்குது. போங்க, போய்க் கேளுங்க."

சடகோபனின் முகம் விழுந்துபோயிற்று. ரோட்டோரத்தில் பையோடு நிற்கிற அந்த ஆளைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது. பெண்ணின் இரண்டு வருஷத்தைத் தின்றுவிட்டானே!

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலிலிருந்து பிரித்திகா பேசினாள். வேறு வீடு பார்க்கிறேன், கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள் அம்சவேணி.

"வேணாம்மா," என்றாள் பெண். "இங்க நைட் ஸ்டடி இருக்குது. மார்க்கு ஏறுதும்மா. பிரெண்ட்ஸுங்களும் செட் ஆயிட்டாங்க. மொதல்லதான் கஷ்டமா இருந்துச்சி. இப்போ பழகிப்போச்சி."

"தோசை ஊத்தித் தருவேன்டி," என்று என்னவோ சொன்னாள் அம்சவேணி. பெண் சிரித்தாள். பின்னால் ஹாஸ்டல் போனுக்காக வரிசையில் நின்ற யாரோ அவசரப்படுத்த, போன் வேறு கைக்குப் போய்விட்டது.

ஆவணியில் வரதய்யபாளையத்தில் பால் காய்ச்சினார்கள். உதயாவுக்கு ரூம் விட வேண்டும், எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். பெண் ஹாஸ்டலில் இருக்கும்போது திருப்பதி எதற்கு, கம்பெனிக்குப் பக்கமாகவே பார்த்துவிடலாம் என்றான் சடகோபன். இந்தத் தடவை ஒரே வீடுதான் பார்த்தான். டார்ச் அடிக்கவில்லை, இஞ்ச் டேப்பை எடுக்கவில்லை. இரண்டு காலண்டரும் ஒத்துப்போன நாளாகப் பார்த்து நாளும் அவனே குறித்தான். பச்சையம்மாள் உப்பு, மஞ்சளோடு வந்து, "ஒனக்குன்னு ஒரு அடுப்பு ஆச்சி," என்று மனசாரச் சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் கிளம்பிப்போனாள். கல்யாண வேலை தலைக்கு மேல் இருந்தது.

பால் கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்திருந்தது. நல்ல சகுனம். சாயங்காலம் மிச்சப் பாலைச் சுடவைத்துச் சர்க்கரை போட்டு அம்சவேணி டம்ளர்களில் ஊற்றினாள். ஊற்றி முடித்த பிறகுதான் பார்த்தாள், மூன்று டம்ளர்.

சடகோபன் தன்னுடையதைக் குடித்துவிட்டுச் சன்னல் வழியாகத் தெருமுனையைக் காட்டினான். "கம்பெனி பஸ்ஸு அங்கதான் நிக்கும். அஞ்சு நிமிஷ நடை. ராத்திரிக்கு இன்னா பண்ணப்போற?"

இன்றைக்கு அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பாத்திரம் நிறைய மாவு இருந்தது. எத்தனை தோசை ஊற்றினாலும் எட்டிப் பார்க்க ஆளில்லை.

"நீங்களே சொல்லுங்க," என்றாள்.

அவன் மேடையில் இருந்த மூன்றாவது டம்ளரைப் பார்த்தான். "ஆறிக்கினு இருக்குதே," என்று அதையும் எடுத்துக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்ல ஏரியா இல்ல?" என்று கேட்டான்.

"ஒரு கொறையும் இல்லங்க," என்றாள் அம்சவேணி. மூன்று டம்ளரையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.